மூன்று முறை மின்னிய ஹால் லைட்

எலக்ட்ரீஷியனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். எல்லோருக்கும் அவர் டெஸ்டர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் அவருக்கு ஒரு டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தாலும் அது இருக்கும்.

"மெயினை நான்தான் இறக்கினேன்" என்று கூடப் பிறந்தவனே சொன்னாலும், டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் வயரில் விரல் வைக்க மாட்டார். இருபத்தெட்டு வருஷத் தொழிலில் ஒரே ஒரு தடவைதான் அடுத்தவன் வாய்வார்த்தையை நம்பினார். அதற்குச் சாட்சியாக இடது கட்டைவிரல் நகம் இன்னும் கறுத்துக் கோணிக்கொண்டுதான் வளர்கிறது. ஆகவே குற்றம் சொல்ல முடியாது. வயரோடு நிறுத்தியிருந்தால் அது அருமையான பழக்கம். மனுஷன் நிறுத்தவில்லையே! கடைக்காரர் எண்ணிக் கொடுத்த ஸ்க்ரூவை மறுபடி எண்ணுவார். பெண்டாட்டி "கதவைப் பூட்டிட்டேங்க" என்றால் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அந்த அம்மாளும் இருபத்தைந்து வருஷமாக அந்தப் பூட்டு இழுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குடும்பம் நடத்திவிட்டாள்.

இப்போதெல்லாம் அவருக்கு ஃபேன் மாட்டுகிற வேலையைவிட ஸ்மார்ட் ஸ்விட்ச் வேலைதான் அதிகம். ஜனங்களுக்குக் கட்டிலில் படுத்தபடியே லைட் போட வேண்டும். எழுந்து நாலடி நடந்தால் கால் தேய்ந்தா போகும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் எல்லோரும் என்னைப் போல நினைத்தால் டெஸ்டர் வீட்டில் அடுப்பு எரியாது. சுவரில் இருக்கும் பழைய ஸ்விட்சுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை வைத்து மூடிவிடுவார். அது வீட்டு வைஃபையில் சேர்ந்துகொள்ளும். அப்புறம் சுவரில் தட்டினாலும் எரியும், போனில் ஆப்பைத் திறந்து தொட்டாலும் எரியும். முதலில் தன் போனில் சேர்த்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் வீட்டுக்காரர் பேருக்கு மாற்றிக் கொடுப்பது அவர் வழக்கம்.

அப்படி நாலு மாசத்துக்கு முன்னால் அவர் வேலை செய்து கொடுத்த வீடுகளில் ஒன்று வார்டன் அம்மாவுடையது. ஆறு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. முப்பது வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவு தட்டுகிற சத்தத்தை வைத்தே எவள் பொய் சொல்ல வந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவாராம். இதைச் சொன்னதும் அவரேதான். வெளிநாட்டில் இருக்கும் மகள், தனியாக இருக்கிற அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இந்த ஸ்விட்ச்சுகளைப் போடச் சொல்லியிருந்தாள்.

அந்த அம்மாதான் ஒரு திங்கட்கிழமை டெஸ்டருக்குப் போன் செய்தார்.

"தம்பி, உடனே வா. வீட்ல என்னமோ நடக்குது. போன்ல சொல்ல முடியாது."

டெஸ்டர் போனபோது கதவைச் சங்கிலியோடு திறந்து பார்த்து, அவர்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே உள்ளே விட்டார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு.

"மூணு வாரமா ஹால் லைட் தானா எரியுது. எரியுதுன்னா சும்மா எரியல. எரியுது, அணையுது, எரியுது. மூணு தடவை, சில நாள் நாலு தடவை. காலையில பதினோரு மணி சுமாருக்கு ஒரு தரம், மத்தியானம் மூணரைக்கு ஒரு தரம். எல்லாம் எழுதி வச்சிருக்கேன், பாரு. இது ரிப்பேர் இல்ல தம்பி. சைகை."

"யாருக்கும்மா சைகை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்னைக் கூப்பிடறேன்?"

சந்தேகத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. இரண்டு பேருமாக ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அங்கே ஒருவர் பனியனோடு நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் பாவம், இந்தக் கதைக்குச் சம்பந்தமே இல்லாதவர். இருந்தாலும் வார்டன் அம்மா அவரையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

டெஸ்டர் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். போர்டைக் கழற்றி, நியூட்ரல் வயர் லூசாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. பழைய ஸ்விட்ச் உள்ளே தேய்ந்து தானாகத் தொட்டுக்கொள்கிறதோ என்று, அதிலிருந்து பெட்டிக்குப் போகும் வயரையே பிடுங்கி டேப் சுற்றி வைத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமையும் பதினோரு மணிக்கு லைட் மூன்று முறை மின்னியது. வைஃபை பெட்டியை அணைத்து மறுபடி போட்டார், இடம் மாற்றி வைத்தார். புதன்கிழமை நாலு முறை மின்னியது.

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போனபோது இன்னொரு விஷயமும் அவர் கண்ணில் பட்டது. அவருடைய வீடு நெருக்கமான சந்தில் இருந்தது. பக்கத்துச் சுவர் ஒரு முழத்தில் நிற்பதால் பகலிலும் ஹாலில் லைட் போட்டால்தான் முகம் தெரியும். பெண்டாட்டி மூன்று வாரத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு ஹால் கட்டிலில் கிடந்தாள். வார்டன் அம்மா வீட்டு வேலையில் ஒரு பெட்டி மிச்சமாகி, "நீங்களே வச்சுக்கங்க" என்று அந்த அம்மாவின் மகள் போனில் சொல்லியிருந்தாள். அதைத் தன் வீட்டு ஹால் லைட்டுக்குப் போட்டு, தன் பழைய போனையும் பெண்டாட்டி கையில் கொடுத்திருந்தார், படுத்தபடியே போட்டுக்கொள்ளட்டும் என்று. ஊரெல்லாம் போட்டுக் கொடுக்கிறவர் சொந்தப் பெண்டாட்டிக்குப் போட்டுக் கொடுக்க அவள் காலை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கண்ணில் பட்டது என்னவென்றால், அந்த ஸ்விட்ச் போர்டைச் சுற்றிச் சுவரெல்லாம் கறுப்புக் கறுப்பாக வட்டத் தடம்.

"பக்கத்து வீட்டுப் பசங்க உள்ள வந்து பந்து அடிச்சாங்களா?"

"யாரும் வரல."

"அப்ப இது என்ன?"

"எனக்கென்ன தெரியும்?" என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கட்டிலோரம் சாத்தியிருந்த ஊன்றுகோலின் ரப்பர் அடியை அவர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் பந்து விஷயமாக ஒரு சண்டை போட்டுவிட்டு வந்து படுத்தார்.

வியாழக்கிழமை டெஸ்டர் வார்டன் அம்மாவின் போனை வாங்கி, லைட் எப்போது எரிந்தது, எப்படி எரிந்தது என்று ஆப்பில் இருக்கும் பட்டியலைப் பார்த்தார். சுவரில் தட்டினால் 'ஸ்விட்ச்' என்று காட்டும், போனில் தொட்டால் 'ஆப்' என்று காட்டும். யார் போன் என்று காட்டாது. மூன்று வாரமும் மின்னிய அத்தனை தடவையும் 'ஆப்' என்றே இருந்தது.

"அம்மா, இது வயர் கோளாறே இல்ல. யாரோ போன்லேருந்து போடறாங்க."

வார்டன் அம்மாவின் முகத்தில் ஒரு திருப்தி வந்ததே, பார்க்க வேண்டும். உடனே மகளைப் போனில் கூப்பிட்டு, அவளா போடுகிறாள் என்று கேட்டார். அங்கே அது தூங்குகிற நேரம். "எனக்கு வேற வேலை இல்லையாம்மா?" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

"வேற யார் போன்ல இருக்கு?"

"உங்ககிட்ட ஒண்ணு, உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு. அவ்வளவுதான்."

"நிச்சயமா?"

"நான்தானேம்மா போட்டேன்? எனக்குத் தெரியாதா?"

அதோடு வாயை மூடியிருக்கலாம். தொழில் தெரிந்தவனுக்கு அங்கேதான் ஒரு நமைச்சல் வரும். "ஆனா ஒண்ணும்மா, உங்க போன் அஞ்சு நிமிஷம் கையில கிடைச்சா போதும். விவரம் தெரிஞ்சவன் வேற ஒரு போன்லயும் சேர்த்துடுவான். நான் யாரையும் சொல்லல."

யாரையும் சொல்லவில்லைதான். வார்டன் அம்மாவுக்கு அந்த 'விவரம் தெரிஞ்சவன்' போதும். போன மாசம் அவருடைய போனின் கண்ணாடி விரிசல் விட்டு, அதைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்தது யார்? வீட்டு வேலைக்கு வருகிறவள். மாற்றிக் கொடுத்தது யார்? போன் கடையில் வேலை பார்க்கும் அவள் மகன். பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பது யார்? அவளேதான்.

அவளைக் கட்டடத்தில் சாவியக்கா என்பார்கள். ஆறு வீட்டில் வேலை. ஆறு வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் இடுப்பில் தொங்கும். எந்தச் சாவி எந்த வீடு என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போன பிறகு அவளே திறந்து, கூட்டித் துடைத்து, பாத்திரம் தேய்த்துப் பூட்டிவிட்டுப் போவாள். சாவி இல்லாமல் அவளுக்கு வேலை இல்லை. யாரோ ஒருவர் சாவியைத் திருப்பி வாங்கினால் மற்ற ஐந்து பேரும் ஏன் என்று கேட்காமலே வாங்கிவிடுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அந்தக் கட்டடத்துக்கே தெரியும்.

"நான் ஒரு நாள் லைப்ரரிக்குப் போறேன்னு கிளம்பி, பின் படி வழியா ஏறி வந்து எட்டிப் பார்த்தேன் தம்பி," என்று வார்டன் அம்மா குரலைத் தாழ்த்தினார். "லைட் மின்னுது. இவ சமையல்கட்டுல ரெண்டு கையும் சோப்பு நுரையில வச்சுக்கிட்டு நிக்கறா!"

"அப்ப அவங்க இல்லியே அம்மா?"

"அதான் சொல்றேன். கையை சோப்புல வச்சுக்கிட்டே லைட் போடறான்னா, எவ்வளவு கெட்டிக்காரின்னு பாரு."

இந்த நியாயத்தைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டியவர் டெஸ்டர். அவர் சிரிக்கவில்லை. மகன் கடையில் உட்கார்ந்தபடி போட்டிருக்கலாமே என்று யோசித்து, "இருக்கலாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு அவர் மேல் இன்றுவரை கோபம் உண்டு.

பத்து நிமிஷத்தில் சாவியக்கா வந்தாள். வார்டன் அம்மா வாசலிலேயே கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"எதுக்கும்மா?"

"குடுன்னா குடு. உன் புள்ள என் போன்ல என்ன பண்ணினான்?"

"கண்ணாடிதாம்மா மாத்தினான். அந்தப் புள்ள மேல சத்தியம்." அவள் டெஸ்டரைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே. எனக்கு லைட்டுனா சுவத்துல தட்டறது மட்டும்தான் தெரியும்."

டெஸ்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுற்றி முடித்த வயரைப் பிரித்து மறுபடி சுற்றினார். சாவியக்கா பச்சை நூல் கட்டிய சாவியைக் கழற்றினாள். வளையம் இறுக்கம், நகம் கொண்டு நெம்ப வேண்டியிருந்தது. படியில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் மூன்றாவது மாடி டீச்சரும் முதல் மாடிப் பல் டாக்டரும் தங்கள் சாவியைக் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டெஸ்டருக்கு வெளியே வேலை இல்லை. மூன்று வாரத்தில் அந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்தது அன்றைக்குத்தான். ஹாலில் உட்கார்ந்து பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குப் பெண்டாட்டி பேப்பர் படிக்கக் கையில் எடுத்தாள். இருட்டாக இருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து பழைய போனை எடுத்து ஒரு தடவை தொட்டாள். எரியவில்லை. இன்னொரு தடவை தொட்டாள். மூன்றாவது தடவை தொட்டாள். பிறகு போனைப் போட்டுவிட்டு ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் ரப்பர் அடியால் சுவர் ஸ்விட்ச்சை எட்டிக் குத்தினாள். குறி தவறிச் சுவரில் ஒரு வட்டம் விழுந்தது. இரண்டாவது குத்தில் லைட் எரிந்தது.

டெஸ்டர் கையில் இருந்த ஸ்க்ரூ உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"என்ன பண்ற நீ?"

"லைட் போடறேன்."

"போன்ல போட்டா எரியுமே!"

"எரியலன்னு வந்த ரெண்டாம் நாளே சொன்னேன். 'உனக்கு அமுக்கத் தெரியல'ன்னீங்க. நாலாம் நாள் சொன்னேன். நீங்க வாங்கி அமுக்கிக் காட்டினீங்க, எரிஞ்சுது. அதுக்கப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தார். திரையில் 'ஹால் லைட்' என்று இருந்தது. சரிதான். அதற்கு மேலே சின்ன எழுத்தில் எந்த வீடு என்று இருந்தது. 'வார்டன் அம்மா வீடு.'

அவருக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஸ்விட்ச் போட்ட அன்றைக்கு, பேர் மாற்றுவதற்காக வார்டன் அம்மாவின் போனுக்கு வர வேண்டிய ரகசிய எண் வரவே இல்லை. நாளைக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று தன் பேரிலேயே வைத்துக்கொண்டு, அம்மாவுக்கும் மகளுக்கும் பயன்படுத்த மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு வந்தார். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. புதுப் போன் வாங்கியதும் பழையதில் அந்த வீடு இருப்பதையே மறந்தார். தன் வீட்டையும் அதே ஆப்பில் சேர்த்தார். மூடித் திறந்தால் அது முதலில் இருந்த வீட்டுக்கே போய் நின்றுவிடும். அவர் அமுக்கிக் காட்டும்போதெல்லாம் கை பழக்கத்தில் வீட்டை மாற்றிவிட்டு அமுக்கினார். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் பேப்பர் படிக்க ஒரு தரம், மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்ததும் ஒரு தரம் அமுக்கிக்கொண்டே இருந்தாள். அங்கே இரண்டாவது மாடியில் சைகை போய்க்கொண்டே இருந்தது.

புதுப் போன் அடித்தது. வார்டன் அம்மா.

"தம்பி! இப்பத்தான் மூணு தடவை மின்னிச்சு! சாவிய வாங்கியும் விடமாட்டேங்கறாங்க பாரு. நான் நோட்டை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன். நீயும் வந்து சாட்சி சொல்லு."

"கொஞ்சம் இருங்கம்மா. வரேன்."

போனை வைத்த பிறகு ஒரு யோசனை வந்தது அவருக்கு. வரத்தான் செய்யும், மனுஷன்தானே! 'வார்டன் அம்மா வீடு' என்பதை இப்போதே அழித்துவிட்டால் போதும். ஒரு தொடுதல். இனி அந்த லைட் தானாக எரியாது. யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஸ்டேஷன் என்றதும் பயந்து நிறுத்திவிட்டாள் என்று வார்டன் அம்மா சந்தோஷமாக நோட்டை மூடிவிடுவார். அவர் விரலும் அங்கே போய் நின்றது. 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் கேட்டது.

அழித்தால் சாவியக்காதான் செய்தாள் என்று ஆகிவிடும். சாவியை வாங்கினார்கள், மிரட்டினார்கள், நின்றது. வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? சாகிற வரைக்கும் அது அவள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். மகன் மேலும்தான்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் பெண்டாட்டி.

"நீ அமுக்கினது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பழைய போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வார்டன் அம்மா நோட்டும் கையுமாகப் படியிறங்கி வந்துவிட்டார். கீழே சாவியக்கா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். மீதி இருந்த மூன்று வீட்டில் ஒன்றுக்குப் போகிற நேரம் அது.

"அம்மா, மேல வாங்க. அவங்களும் வரட்டும்."

"அவ எதுக்கு?"

"வரட்டும்மா."

ஹாலில் நின்று டெஸ்டர் பழைய போனை எடுத்தார். தொட்டார். லைட் எரிந்தது. தொட்டார், அணைந்தது. தொட்டார், எரிந்தது. மூன்று தடவை. பிறகு மூச்சு விடாமல் நடந்ததைச் சொன்னார். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயமாக இருந்தது அவருக்கு.

வார்டன் அம்மா நோட்டை விரித்துப் பார்த்தார், மூடினார், மறுபடி விரித்தார்.

"அப்ப மூணு வாரமா என் வீட்ல லைட் போட்டு அணைச்சது உன் பொண்டாட்டியா?"

"ஆமாம்மா. அவ எங்க வீட்டு லைட்டைத்தான் போட்டா. எங்க வீட்ல எரியல."

"நான்தானே போட்டேன், எனக்குத் தெரியாதான்னியே?"

வார்டன் அம்மா உள்ளே போய்ப் பச்சை நூல் சாவியை எடுத்து வந்து சாவியக்காவிடம் நீட்டினார். விடுதியில் முந்நூறு பெண்களை விசாரித்தவர், யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. சாவியை நீட்டியதே பெரிய விஷயம் என்றுதான் அவர் நினைத்தார்.

சாவியக்கா வாங்கவில்லை.

"என்கிட்டேருந்து வாசல்ல வச்சு, நாலு பேர் பார்க்க வாங்கினீங்கம்மா. இன்னும் ரெண்டு வீட்ல அதைப் பார்த்துதான் வாங்கினாங்க. நீங்களே வந்து அந்த ரெண்டு வீட்லயும் சொல்லுங்க. அப்புறம் வாங்கிக்கறேன்."

குரல் உயரவில்லை. ஆனால் வாளிப் பிடி சத்தம் போட்டது. வார்டன் அம்மா செருப்பை மாட்டினார்.

மூவரும் மூன்றாவது மாடிக்கு ஏறினார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், ஊரிலிருந்து வந்திருந்த அவள் மாமியார்தான் கதவைத் திறந்தாள். "லைட் போட்டது இவ இல்ல, இவன் வீட்டுக்காரி" என்று வார்டன் அம்மா டெஸ்டரைக் காட்டிச் சொன்னார். அந்த அம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவன் வீட்டுக்காரி ஏன் அங்கே வந்து லைட் போட்டாள் என்று கேட்டாள். டெஸ்டர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சாவி வந்தது.

முதல் மாடிப் பல் டாக்டர் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே போய் மஞ்சள் நூல் சாவியை எடுத்து வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சாவியக்காவிடம் கொடுத்தார். பிறகு டெஸ்டரைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்கும் ஸ்விட்ச் போட்டது நீங்கதானே?"

"ஆமாங்க டாக்டர்."

"எங்க வீடும் அந்தப் போன்ல இருக்கா?"

டெஸ்டர் போனை எடுத்து வீடுகளின் பட்டியலைத் திறந்தார். அதுவரை அவரே அதை முழுசாகப் பார்த்ததில்லை. அவர் வீட்டைத் தவிர, நாளைக்கு மாற்றலாம் என்று விட்டுவைத்த ஏழு வீடு இருந்தது. மூன்றாவதாகப் பல் டாக்டர் வீடு. ஹால், படுக்கையறை, குழந்தை ரூம். குழந்தை ரூம் லைட் அப்போது எரிந்துகொண்டிருக்கிறது என்று போன் காட்டியது. திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தால் உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தது.

"இருக்குதுங்க" என்றார்.

டாக்டர் உள்ளே போய்ச் சுவரில் தட்டி அந்த லைட்டை அணைத்தார். வார்டன் அம்மா பச்சை நூல் சாவியை மறுபடி நீட்டினார். சாவியக்கா மூன்று சாவியையும் வளையத்தில் கோத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என் சாவி இடுப்புல தொங்குதுண்ணே. யார் வேணும்னாலும் எண்ணிப் பார்த்துக்கலாம்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த ஏழு வீட்டையும் அவரவர் பேருக்கு மாற்றிக் கொடுக்க டெஸ்டருக்கு நாலு நாள் ஆனது. ஒவ்வொரு வாசலிலும் நின்று ஏன் என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வீட்டில் இனி வர வேண்டாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய், பந்து அடித்தது உங்கள் பிள்ளைகள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். ஐந்தாவது நாள் தன் வீட்டுச் சுவரில் இருந்த பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டில் வரைக்கும் ஒரு வயர் இழுத்து, தலைமாட்டில் கைக்கு எட்டும்படி சாதாரண பெட் ஸ்விட்ச் ஒன்றைத் தொங்கவிட்டார். கைகழுவச் சமையல்கட்டுக்குப் போனார்.

"போட்டுப் பாரு" என்றார் அங்கிருந்து.

டக்கென்று சத்தம் கேட்டது.

"எரியுதா?"

"எரியுது."

டெஸ்டர் ஹாலுக்கு வந்து பார்க்கவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினார்.